இருபது வருஷம் கழித்து மறுபடி கோல்ஃப்: முதலில் மட்டைக்கு அளவெடுப்பதா, ஆட்டத்தைத் திருத்துவதா?

பழையசெட் (சென்னை) · வெள்ளி, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். வயது 54. உயரம் 165 செ.மீ. வலது கை ஆட்டம். 1994-லிருந்து 2004 வரை விடாமல் ஆடினேன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 14 வரை இறங்கியது. அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, எனக்கு வெளியூர் மாற்றல், பிள்ளைகள் படிப்பு. பை பரணுக்குப் போனது. மகள் கல்யாணம் முடிந்த கையோடு போன மாதம்தான் கீழே இறக்கினேன்.

செட் 1998-ல் கைமாற்றி வாங்கியது. ஃபோர்ஜ் செய்த பிளேட் அயர்ன்கள் (மெல்லிய தலை கொண்ட இரும்பு மட்டைகள்), 3-லிருந்து பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான மட்டை) வரை. ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) எல்லாம் டைனமிக் கோல்டு எஸ்300 ஸ்டீல். டிரைவர் (நீள அடிக்கான பெரிய மட்டை) அதே காலத்தது, முகத்தின் சாய்வு 9 டிகிரி. தலை இப்போது வருகிறவற்றில் பாதிதான் இருக்கும். கிரிப் ரப்பர் இறுகிக் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது.

மூன்று வாரமாகப் பயிற்சி ரேஞ்சுக்குப் போகிறேன். பந்து தாழ்வாக, வலப்பக்கமாகவே ஓடுகிறது. 7 அயர்னில் 150 யார்டு அடித்தவன், அங்கிருக்கும் திரை 118 காட்டுகிறது. வலது முழங்கை உள்பக்கம் வலி ஆரம்பித்திருக்கிறது.

ஒரு கடையில் விசாரித்தேன். ஃபிட்டிங் செய்து முழு செட் புதிதாக எடுத்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. கூட ஆடின நண்பர், "ஆறு மாசம் ஆடு, பழைய ஸ்விங் (மட்டை வீச்சு) திரும்பி வரட்டும், அப்புறம் அளவெடு" என்கிறார். எனக்கு அந்தக் காலத்தில் மட்டைப் பை தூக்கும் கேடியாக வந்த அண்ணன் இன்னமும் மைதானத்தில் இருக்கிறார். அவர் இரண்டு அடி பார்த்துவிட்டு, "சார், இந்த ஷாஃப்ட் இனிமே உங்களுக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டில் எது சரி? திரும்பி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

செட்டிப்பாளையம் (கோவை) · வெள்ளி, இரவு 11:03

வாங்க சார், திரும்பி வந்ததே சந்தோசம்ங்க. உங்க நண்பர் பக்கம்தான் நான். அவசரப்பட்டு அளவெடுக்காதீங்க.

ஃபிட்டிங்னா அன்னிக்கு நீங்க அடிக்கிற ஸ்விங்குக்கு மட்டை செய்யறதுங்க. இருபது வருஷம் தொடாத உடம்பு, இடுப்பு திரும்பாது, தோள் ஏறாது. இன்னிக்கு இருக்கற ஸ்விங் ரெண்டு மாசம் கழிச்சு இருக்காது. தையக்காரர்கிட்ட காய்ச்சல்ல எளைச்சுக் கிடக்கறப்ப அளவு கொடுத்த மாதிரி ஆயிரும். நல்ல கோச்சா பாத்து ஆறு, எட்டு வகுப்பு எடுங்க. காசு அங்க போட்டா வீணாகாது.

ஒண்ணு மட்டும் நாளைக்கே செய்யுங்க. கிரிப் மாத்துங்க. வழுக்கற கிரிப்பை இறுக்கிப் பிடிச்சா முழங்கை வலி வராம என்ன செய்யும்?

இன்னொண்ணு, விதி கொஞ்சம் மாறியிருக்குங்க. 2019-லிருந்து விதிப்படி பந்தைக் கையால மறுபடி போடறப்ப தோள் உயரத்திலிருந்து போட வேண்டாம், முட்டி உயரத்திலிருந்து விட்டாப் போதும். தொலைஞ்ச பந்தைத் தேட அஞ்சு நிமிசம் இல்ல, மூணுதான். குழியில நிக்கற கொடிக்கம்பத்தை எடுக்காமலே பட் பண்ணலாம் (பந்தைக் குழிக்கு உருட்டலாம்).

---

வடகாற்று (டொராண்டோ) · சனி, காலை 5:40

அண்ணை, நான் 15 வருசத்துக்குப் பிறகு 49 வயசில திரும்பி வந்தவன். கோவை ஐயா சொன்ன மாதிரித்தான் நானும் செய்தனான். ஒரு முழு சீசன் பழைய மட்டையோட வகுப்புக்குப் போனன். என்ன நடந்தது தெரியுமோ? மட்டைக்கு ஏத்த மாதிரி நான் வளைஞ்சு குடுக்கப் பழகினன். நீளம் காணாது எண்டு குனிஞ்சு நிண்டன். பாரம் கூட எண்டு மேல தூக்கேக்க கையைச் சுருக்கினன். கோச் ஒவ்வொரு கிழமையும் "குனியாதை" எண்டு சொல்லுவார். குனியாட்டி பந்தே அகப்படாது!

எனக்கு உயரம் 188. பிறகு பனிக்காலத்தில உள்ளரங்கில ஃபிட்டிங் செய்தனான். அளந்த மனுசன் முதல் வேலையா என்னை நேரா நிக்க வைச்சு, மணிக்கட்டு மடிப்பிலயிருந்து நிலம் வரைக்கும் நாடா பிடிச்சுப் பாத்தார். அரை அங்குலம் கூட்டவேணும், லை (மட்டையை நிலத்தில வைச்சா ஷாஃப்ட் நிக்கிற சாய்வு) 2 டிகிரி நிமித்தவேணும் எண்டார். அதுக்குப் பிறகுதான் கோச் சொன்னது எனக்கு உடம்பில ஏறினது.

முழுச் செட் வாங்கத் தேவையில்லை அண்ணை. அளவு மட்டும் எடுங்கோ. அளவெடுக்கிறதும் வாங்கிறதும் ரெண்டு வேற வேலை.

---

பழையசெட் · சனி, காலை 8:15

இரண்டு பேருக்கும் நன்றி. அளவெடுப்பதும் வாங்குவதும் வேறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் நான் ஸ்டிஃப் (எளிதில் வளையாத) ஷாஃப்ட்தான் ஆடினேன். இப்போது ரெகுலரா, சீனியரா? கடையில் "எஸ்" எழுதியதை எடுத்தால் பழையதுக்குச் சமமாக இருக்குமா?

---

பட்டறை (சென்னை) · சனி, மதியம் 1:30

நான் மட்டை ரிப்பேர் பார்க்கிறவன். கிரிப் மாற்றுவது, ஷாஃப்ட் மாற்றுவது, லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு), லை வளைப்பது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ் (ஸ்டிஃப்), ஆர் (ரெகுலர்), ஏ (சீனியர்) என்று ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் எழுத்துக்குப் பொதுவான தராசு கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப் போல இருக்கும். உத்தேசமாகச் சொன்னால், டிரைவர் மட்டையை வீசும் வேகம் மணிக்கு 95 மைலுக்கு மேல் போனால் ஸ்டிஃப், 85-க்கும் 95-க்கும் நடுவில் ரெகுலர், அதற்குக் கீழே சீனியர். இது தொடங்கும் இடம், அவ்வளவுதான். எழுத்தை விட எடையைப் பாருங்கள். உங்கள் எஸ்300 ஒவ்வொன்றும் 130 கிராம் பக்கம். இன்று அயர்னுக்கு 60, 70 கிராமில் கிராஃபைட் கிடைக்கிறது. ஒரு ரேஞ்ச் கூடை முழுக்க அடித்து முடிக்கும்போது உங்கள் முழங்கை தூக்கிய வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் சிமெண்ட்டுக்கு மேல் போட்ட மேட் (செயற்கைப் புல் விரிப்பு) மீது அடித்தால் அதிர்ச்சி முழுக்கக் கைக்குத்தான் வரும். கேடி அண்ணன் சொன்னது நூறு சதவீதம் சரி.

அடுத்தது 118 யார்டு. அதற்காக வருத்தப்படாதீர்கள். உங்கள் பிளேட் 7 அயர்னின் லாஃப்ட் 35 டிகிரி வாக்கில் இருக்கும். இப்போது பலர் ஆடும் கேம் இம்ப்ரூவ்மென்ட் (பிசகின அடியையும் தாங்கும்) வகை 7 அயர்ன் 28, 30 டிகிரி. அடியில் எழுதியிருக்கும் எண்தான் 7, ஆட்டத்தில் அது உங்கள் 5 அயர்னுக்கும் 6 அயர்னுக்கும் நடுவில் நிற்கும், அதிக தூரம் போகும் மட்டை. பக்கத்து மேட்டில் அடிப்பவரோடு எண்ணை வைத்து ஒப்பிட்டால் மனம்தான் உடையும்.

டிரைவர் கதையும் அப்படித்தான். 1991-ல் பிக் பெர்த்தா என்ற டிரைவர் வந்தபோது 190 சிசி தலையையே பூதம் என்றார்கள். இன்று விதி அனுமதிக்கும் எல்லை 460 சிசி. நடுவில் படாத பந்தும் பிழைத்துப் போகும்.

இனி முக்கியமானது, லை கோணம். மட்டையைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பது. அடிக்கும் கணத்தில் மட்டைத் தலையின் முனை (ஆளுக்குத் தள்ளி இருக்கும் பக்கம்) மேலே தூக்கியிருந்தால் பந்தில் படும் முகம் இடப்பக்கம் பார்க்கும். குதிகால் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) தூக்கியிருந்தால் வலப்பக்கம். இது வலது கை ஆட்டக்காரருக்கு. லாஃப்ட் கூடின குட்டை மட்டைகளில் இந்தப் பிழை இன்னும் அதிகமாகத் தெரியும். பிங் கம்பெனிக்காரர்கள் இதற்காகவே மட்டைத் தலையில் வண்ணப் புள்ளி வைக்கிறார்கள். கறுப்பு நடுநிலை, சிவப்பு படுத்தது, நீலம் நிமிர்ந்தது.

செலவில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பந்தில் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு செங்குத்தாக, மட்டை முகத்தைப் பார்த்தபடி வைத்து 7 அயர்னால் அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். கோடு நேராக நின்றால் லை சரி. மேல் நுனி மட்டையின் முனைப் பக்கம் சாய்ந்தால் மட்டை உங்களுக்கு நிமிர்ந்தது. குதிகால் பக்கம் சாய்ந்தால் படுத்தது. பத்து அடி அடித்துப் படம் போடுங்கள். பந்து வலது போகிறது என்பதை மட்டும் வைத்து லை படுத்திருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. முகம் வலப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தாலும் வலதுதான் போகும்.

---

மேட்டுப்புல் (குன்னூர்) · சனி, மாலை 4:50

பட்டறை அண்ணா எழுதினதை அப்படியே எடுத்து வச்சுக்கிட்டேன். ஒரு பெண்ணா என் அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் விட்டுட்டு 41-ல திரும்ப ஆரம்பிச்சேன். எந்தக் கடைக்குப் போனாலும் கேள்வியே இல்லாம லேடீஸ் செட்டை எடுத்து முன்னாடி வைப்பாங்க. எல் (லேடீஸ், ரொம்ப வளையற) ஷாஃப்ட், ஒரு அங்குலம் குட்டை, மெல்லிசு கிரிப். நான் 173 செ.மீ. பள்ளியில ஈட்டி எறிஞ்சவ. அந்த ஷாஃப்ட்ல அடிச்சா பந்து ஆகாசத்துக்குப் போய் இடப்பக்கம் சுருண்டு விழும். தப்பு என்மேலனு ஒரு வருஷம் நினைச்சிருந்தேன்.

முறையா அளந்தப்போ வந்தது ஆண்கள் செட்ல ஏ ஷாஃப்ட், கால் அங்குலம் மட்டும் குறைவு. இடது கைக்கு கிரிப் பார்க்கிற விதம் ரொம்ப எளிமை: பிடிச்சதும் நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல் மேட்டை லேசாத் தொடணும். உள்ள குத்தினா கிரிப் மெல்லிசு, இடைவெளி இருந்தா தடிமன். எனக்கு லேடீஸ் கிரிப் உள்ள குத்தினது.

வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் பார்த்து மட்டை கொடுக்கிறவங்க கிட்ட வாங்காதீங்க. அளந்து பார்த்துட்டுப் பேசறவங்க வேணும்.

இன்னொண்ணு: மலையில அடிச்ச தூரத்தை வச்சு மட்டை தேர்ந்தெடுக்காதீங்க. ஊட்டி மைதானம் ஏழாயிரம் அடிக்கு மேல. காத்து லேசு, அதே அடிக்குப் பந்து எட்டு சதவீதம் போல கூடுதலாப் போகும். சென்னையில இறங்கினா அந்த யார்டு எல்லாம் திரும்பப் போயிடும்.

---

செட்டிப்பாளையம் · சனி, இரவு 9:20

எல்லாரும் ஃபிட்டிங் பக்கம் நிக்கறீங்க. எனக்கு ஏன் தயக்கம்னு சொல்லியாகணும்ங்க.

நாலு வருசம் முன்னாடி ஒரு கடைல அளவு கொடுத்தேன். ஏசி ரூம், மேட், வலை. நாப்பது பந்து அடிச்சேன். அதுல ஒண்ணு 238 யார்டு போச்சு. அந்த ஒரு அடியைத் திரைல நிறுத்தி வெச்சு, "சார், இந்த ஷாஃப்ட்தான் உங்களுக்கு" அப்படின்னாங்க. ஸ்டிஃப். நானும் மயங்கி வாங்கிட்டேன். மைதானத்துல அந்த 238 இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல. மீதி முப்பத்தொம்பது பந்தும் எங்கெங்க போச்சோ அங்கதான் இப்பவும் போகுது.

அதனால போறதுன்னா இதைக் கேளுங்க. அதிகபட்ச தூரம் வேண்டாம், சராசரி காட்டுங்க. பந்தெல்லாம் எவ்வளவு அகலத்துல சிதறுதுன்னு காட்டுங்க. கடைசி பத்து அடி, களைச்ச பின்னாடி அடிச்சது, அதைக் காட்டுங்க. நாம பதினாறாவது குழில அடிக்கறது அந்த ஸ்விங்தானுங்க. அப்புறம், மேட்ல பந்துக்குப் பின்னாடி மண்ணுல பட்டாக்கூட மட்டை வழுக்கிப் போய் பந்து நல்லாப் போற மாதிரி தெரியும். முடிஞ்சா புல்லுல அடிச்சுப் பாக்க விடற இடமாப் போங்க.

---

பட்டறை · சனி, இரவு 10:05

செட்டிப்பாளையம் ஐயா சொன்ன அனுபவம் என் மேசைக்கு வாரம் ஒன்றாவது வருகிறது. ஒரே ஒரு அடியை வைத்து மட்டை விற்பது அநியாயம், அதில் எனக்கும் கோபம் உண்டு. கருவி பொய் சொல்வதில்லை. டிராக்மேன் ரேடாரால் அளக்கிறது, ஜிசிக்வாட் கேமராவால் அளக்கிறது, இரண்டும் நம்பக்கூடியவை. எந்த எண்ணைப் பார்ப்பது என்பது ஆளைப் பொறுத்தது. பந்து வேகத்தை மட்டை வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ். டிரைவரில் 1.50 உச்சம். ஒரு ஷாஃப்ட் உங்களுக்குப் பொருந்தினால் இந்த எண் அடிக்கு அடி அதிகம் ஆடாது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

---

கொழும்பு9 (கொழும்பு) · ஞாயிறு, காலை 7:00

எங்கட ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-ல தொடங்கினது. மைதானத்துக்கு நடுவால ரயில் பாதையே போகுது, களனிவெளி லைன். அங்க இருபத்தைஞ்சு வருசமா ஆடுறன். சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே வெயில், ஒரே வியர்வை, அதனால ரெண்டு விசயம் சொல்லுறன்.

கிரிப்புக்கு நூல் கலந்த வகை பாருங்கோ. கையில கொஞ்சம் உரசும், ஆனால் வியர்வைக்கு வழுக்காது. முழங்கை நோவுக்கு மென்மையான ரப்பர்தான் நல்லதெண்டால் அதையே போட்டு, துவாய் ஒண்டு கூட வைச்சுக்கொள்ளுங்கோ. மாசம் ஒருக்கா சவர்க்காரத் தண்ணியில கழுவினால் கிரிப் கனகாலம் நிக்கும்.

வெட்ஜ் எடுக்கேக்க பவுன்ஸ் (மட்டைத் தலை அடிப்பாகத்தின்ர கோணம்) பாக்க மறக்க வேண்டாம். மே மாசத்து இறுகின நிலத்தில 12, 14 பவுன்ஸ் வெட்ஜ் துள்ளிப் பந்தின் நடுவில வெட்டும். மழைக்காலச் சேத்தில 4 பவுன்ஸ் மண்வெட்டி மாதிரி இறங்கும். ஒண்டைக் குறைவாயும் ஒண்டைக் கூடவாயும் வைச்சிருக்கிறது புத்தி.

---

பழையசெட் · ஞாயிறு, மாலை 6:30

மார்க்கர் கோடு போட்டு அடித்தேன். பத்தில் எட்டு, கோட்டின் மேல் நுனி மட்டை முனைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதாவது மட்டை எனக்கு நிமிர்ந்தது. ஆனால் பந்து வலதுபக்கம் போகிறதே! நிமிர்ந்த மட்டை இடதுபக்கம்தானே இழுக்க வேண்டும்? குழப்பமாக இருக்கிறது.

---

பட்டறை · ஞாயிறு, மாலை 7:10

இதைத்தான் எதிர்பார்த்தேன். இனி ஆளை நேரில் பார்க்காமல் பேசக் கூடாது. அளவெடுக்கப் போங்கள். பழைய 7 அயர்னைக் கையோடு கொண்டுபோய், அதன் நீளத்தையும் லையையும் முதலில் அளக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

---

பழையசெட் · அடுத்த ஞாயிறு, இரவு 9:45

போய் வந்தேன். இரண்டு மணி நேரம். செட்டிப்பாளையம் ஐயா சொன்ன கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஃபிட்டர் சின்னப் பையன், முப்பது வயதிருக்கும். தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

முதலில் என் பழைய 7 அயர்னை அளந்தார். நீளம் 37½ அங்குலம், வழக்கத்தை விட அரை அங்குலம் கூடுதல். லை 2 டிகிரி நிமிர்த்தி வளைக்கப்பட்டிருக்கிறது. கம்பெனியில் அப்படி வரவில்லை, யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. 1998-ல் எனக்கு இதை விற்றவர் ஆறடிக்கு மேல் இருப்பார். அவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த செட் அது! 165 செ.மீ. உயரத்தில் நான் அதை ஆறு வருஷம் ஆடியிருக்கிறேன்.

என் மணிக்கட்டிலிருந்து தரை வரை 32 அங்குலம். எனக்கு வேண்டியது வழக்கத்தை விட அரை அங்குலம் குட்டை. அதாவது ஒவ்வொரு மட்டையிலும் ஒரு அங்குலம் அதிகம் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன்.

வலதுபக்கம் போவதற்கான காரணத்தை அவர் விளக்கியபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. மட்டை இடது இழுக்கும். இழுக்காமல் இருக்க, அடிக்கும்போது முகத்தைத் திறந்தே பிடிக்க என் கை பழகிவிட்டது. 34 வயதில் அந்த இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பந்து நேராகப் போனது. இன்று வேகம் குறைந்துவிட்டது, 130 கிராம் ஸ்டிஃப் ஷாஃப்டைத் திருப்ப முடியவில்லை, ஆனால் திறந்து பிடிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே மிச்சம். திரையில் முகம் 4 டிகிரி திறந்திருந்தது. என் ஸ்விங் என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தது, முன்பின் தெரியாத ஒருவருடைய மட்டை எனக்குப் பழக்கிவிட்டது. அது திரும்பி வரட்டும் என்றுதான் ஆறு மாதம் காத்திருக்க நினைத்தேன்.

எண்கள்: டிரைவர் வேகம் சராசரி 86 மைல். பழைய 9 டிகிரி டிரைவரில் ஸ்மாஷ் 1.36, காற்றில் போன தூரம் 165 யார்டு. 12 டிகிரி தலை, 50 கிராம் ரெகுலர் ஷாஃப்டில் 1.42, 185. எல்லாம் பத்து அடி சராசரி. 7 அயர்ன், 30 டிகிரி லாஃப்ட், 65 கிராம் கிராஃபைட் ரெகுலர், அரை அங்குலம் குட்டை: 131 யார்டு. சிதறல் பழையதில் பாதி.

அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அளவுப்படி லை 2 டிகிரி படுக்க வேண்டும். "இப்போ 1 டிகிரி மட்டும் படுக்க வெக்கறேன் சார். நீங்க முகத்தைத் திறக்கற பழக்கம் போற வரைக்கும் முழுசா வெச்சா இன்னும் வலது போகும். நாலு வகுப்பு போயிட்டு வாங்க, மறுபடி பார்த்து மிச்சத்தை வளைக்கலாம்" என்றார். புதிது வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. மூன்று வருஷம் பழைய செட் ஒன்றை, 6 அயர்ன் முதல் கேப் வெட்ஜ் (பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடைப்பட்டது) வரை, கைமாற்றாக எடுத்து ஷாஃப்டை வெட்டிக் கொடுத்தார். 4, 5 அயர்னுக்குப் பதில் ஹைப்ரிட் (அடிக்க எளிதான கலப்பு மட்டை). டிரைவர் மட்டும் புதிது. முதலில் கேட்ட தொகையில் பாதி கூட ஆகவில்லை.

---

செட்டிப்பாளையம் · திங்கள், காலை 6:15

சார், படிச்சு முடிச்சுட்டு ரெண்டாவது தடவையும் படிச்சேன். நான் சொன்னதுல பாதியைத் திரும்ப வாங்கிக்கறேன். அந்த மட்டையோட நீங்க வகுப்புக்குப் போயிருந்தா கோச் உங்க கையைத் திருத்தியிருப்பாரு, பந்து இடது பறந்திருக்கும். ரெண்டு பேருக்கும் காரணம் தெரிஞ்சிருக்காது.

ஆனா மீதிப் பாதில நான் நிக்கறேன்ங்க. அந்த நாலு வகுப்பை விட்டுறாதீங்க.

---

பட்டறை · திங்கள், காலை 9:40

நல்ல ஃபிட்டர். அவரை விடாதீர்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க. அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப் பக்கம் உணரும் கனம்) மூன்று புள்ளி இறங்கும், தலை இருப்பதே தெரியாத மாதிரி இருக்கும். உங்களுக்கு அப்படித் தோன்றினால் தலைக்குப் பின்னால் ஈயத் தகடு ஒட்டிச் சரிசெய்யலாம். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெட்ஜ் இடைவெளி. புதிய செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிதான் இருக்கும், பழையது 48. பழைய 56 சாண்ட் வெட்ஜை அப்படியே சேர்த்தால் நடுவில் பள்ளம். கேப் வெட்ஜ் எத்தனை டிகிரி என்று பாருங்கள். 49 என்றால் அடுத்தது 54 பொருந்தும். விதிப்படி பையில் 14 மட்டைதான் கணக்கு, ஹைப்ரிட் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

---

மேட்டுப்புல் · திங்கள், மதியம் 12:20

பட்டர் (பட் பண்ற மட்டை) அளந்தீங்களா சார்? யாருமே அதைக் கேக்கறதில்ல. ஒரு ரவுண்டுல முப்பது தடவைக்கு மேல கையில எடுக்கிற மட்டை அதுதான். கடையில 34, 35 அங்குலம்தான் கிடைக்கும். உங்க உயரத்துக்கு அது பெரிசா இருக்க வாய்ப்பிருக்கு. பட் பண்ற மாதிரி நின்னு, மூக்கு மேல இருந்து ஒரு பந்தை விட்டுப் பாருங்க. கீழ இருக்கிற பந்து மேலயோ, ஒரு அங்குலம் உள்ளயோ விழணும். ரொம்ப உள்ள, கால்பக்கம் விழுந்தா பட்டர் நீளம். நான் 33-க்கு வெட்டினேன். மூணடி பட் தவறுறது அந்த மாசமே குறைஞ்சது.

---

வடகாற்று · திங்கள், இரவு 8:05

அண்ணை, முழங்கை எப்பிடி?

---

பழையசெட் · மூன்று வாரம் கழித்து, சனி, காலை 11:30

முழங்கை முக்கால்வாசி பரவாயில்லை. பிசியோ கொடுத்த பயிற்சியும் செய்கிறேன், ரேஞ்சில் மேட்டை விட்டுவிட்டுப் புல்லில்தான் அடிக்கிறேன், அதனால் ஷாஃப்ட் மட்டும் காரணமென்று சொல்ல மாட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். புதிய மட்டையில் முதல் வாரம் பழையதை விட மோசம். ஃபிட்டர் சொன்னபடியே எல்லாம் வலது. இரண்டாவது வகுப்பில் கோச் என் இடது கைப் பிடியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தார். "இனிமே அது இடது போகாது, பயப்படாம விடுங்க" என்றார். அந்த "பயப்படாம" என்ற சொல்தான் வேலை செய்தது. நேற்று லை மறுபடி பார்த்தோம், மிச்சம் 1 டிகிரியும் வளைத்தாயிற்று. மார்க்கர் கோடு நேராக நிற்கிறது. பட்டர் 35 இருந்தது, 33½-க்கு வெட்டிக்கொண்டேன்.

இன்று காலை நந்தனத்தில் ஒன்பது குழி. 51 அடி. கேடி அண்ணன்தான் வந்தார். நாலாவது குழியில் 7 அயர்ன் கொடியைப் பார்த்துக் கிளம்பியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, மட்டையை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அவர் மகனுக்கு 17 வயது, 185 செ.மீ. உயரம், நல்ல தோள். ரேஞ்சில் இரவல் மட்டையில் அடித்துக்கொண்டிருக்கிறான். என் பழைய 7 அயர்னை அவன் கையில் கொடுத்து, கோடு போட்ட பந்தை வைத்தேன். ஆறு அடி. ஆறிலும் கோடு செங்குத்து. எஸ்300 அவனுக்குக் கனமாகவே தெரியவில்லை. முழு செட்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன். கிரிப் மட்டும் மாற்ற வேண்டும். பட்டறை அண்ணா, எட்டு அயர்ன் இருக்கிறது. எப்போது கொண்டுவரலாம்?

---

பட்டறை · சனி, மதியம் 12:02

நாளை காலை பத்து மணிக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கையை அளந்துதான் கிரிப் எடுக்க வேண்டும், அந்த உயரத்துக்கு மிட்சைஸ் (சற்றுத் தடிமனானது) தேவைப்படலாம். கிரிப் விலை மட்டும் கொடுங்கள், கூலி வேண்டாம். பழைய கிரிப்பை நீங்களே பிளேடு வைத்துக் கிழிக்காதீர்கள், ஸ்டீலில் கீறல் விழும். அப்படியே கொண்டுவாருங்கள்.